பந்து மட்டையில் படுவது எப்படி?

கண்ணும் கையும் ஒன்றோடொன்று உடன்பட்டு இயங்கினாலன்றி எந்தப் பந்தாட்டமும் கைவராது என்பது யாவரும் அறிந்ததே. அவ்வுடன்பாட்டைப் பெரிதும் வேண்டி நிற்கும் ஆட்டங்களுள் ஒன்று சாஃப்ட்பால் எனும் மென்பந்தாட்டம். 1887ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில், ஒரு படகுச் சங்கத்தின் கூடத்தில் குழுமியிருந்த இளைஞர்கள் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையை மட்டையாக்கி ஆடிய வேடிக்கையே இதன் தொடக்கம். 1926இல் இதற்கு இன்றைய பெயர் சூட்டப்பெற்றது. 1996 முதல் 2008 வரை நான்கு ஒலிம்பிக் விழாக்களில் பெண்கள் இதனை ஆடினர். இடையில் விடுபட்டு, 2021இல் நடைபெற்ற தோக்கியோ விழாவில் மீண்டும் இடம்பெற்றது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு ஜோத்பூரில் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது. பள்ளிகளுக்கிடையே நிகழும் போட்டிகளிலும் பல்கலைக்கழகப் போட்டிகளிலும் பல மாநிலப் பெண்கள் இதனை ஆடி வருகின்றனர்.

இவ்வாட்டத்தை அறியாதார் பொருட்டு ஒரு சொல். பந்தெறிபவள் தன் கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பின் அருகே கீழிருந்து பந்தை விடுகின்றாள். கிரிக்கெட் ஆட்டத்தைப்போல் பந்து தரையில் பட்டு எழுவதில்லை, வானிலேயே வருகின்றது. எதிரே மட்டையுடன் நிற்பவள், தன்முன் தரையில் பதித்துள்ள வெண்தட்டின்மேல், தன் முழங்காலுக்கு மேலும் அக்குளுக்குக் கீழுமாக வரும் பந்தை அடித்தல் வேண்டும். தக்க பந்தை மும்முறை தவறவிட்டால் அவள் வெளியேற வேண்டுவதுதான். அங்ஙனம் தவறவிடும் ஒவ்வொன்றையும் ஸ்ட்ரைக் என்பர்.

ஆட்டத்தைப் புதிதாகக் கற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கருதுவோம். ஓடுவதில் விரைவு உண்டு. பந்தைப் பிடிப்பதில் திறமை உண்டு. ஆயினும் மட்டையைப் பிடித்து நின்றால் பந்து படுவதில்லை. மும்முறை வீசுகின்றாள்; மும்முறையும் காற்றே அடிபடுகின்றது. "பந்தைப் பாரம்மா!" என்று ஒரு பக்கத்திலிருந்து தந்தையார் கூவுகின்றார். "முழங்கையைத் தூக்கு!" என்று ஆசிரியை கூறுகின்றார். "பலமாக அடி!" என்கின்றாள் தோழி. இத்தனை அறிவுரைகளும் நல்லெண்ணத்தால் எழுந்தவையே. எனினும் இவற்றைக் கேட்டு அவள் அடுத்த பந்தைத் தொட்டாள் என்பது அரிதாகவே நிகழ்கின்றது. ஒரு பருவம் இவ்வாறு கழிந்தால், "எனக்கு இது வராது" என்ற முடிவுக்கு வந்து, அவள் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடக் கூடும். பெண்மக்கள் ஓடியாடுவதற்கு வீட்டில் இசைவு பெறுதலே அருமையாக இருக்கும் இடங்களில், இத்தகைய சிறிய தோல்வி ஒன்று அவளுடைய விளையாட்டு வாழ்வையே முடித்துவிடலாம். ஆதலின், பந்து மட்டையில் படாமைக்குக் காரணம் யாது, அதனை நீக்குவது எவ்வாறு என்பதை இவ்வுரையில் சிறிது ஆராய்வோம்.

காரணம் வலிமைக் குறைவு என்றும், கை விரைவின்மை என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்றாகும். டெட் வில்லியம்ஸ் என்பவர் பேஸ்பால் ஆட்டத்தில் புகழின் உச்சியில் இருந்தவர். 1941ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் பத்துக்கு நான்கு என்ற வீதத்திற்கும் மேலாக வெற்றியடி அடித்தவர். அவர் 1961இல், கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில், ஜோன் ஜாய்ஸ் என்ற மென்பந்து வீராங்கனையின் எதிரே மட்டை ஏந்தி நின்றார். அவர் எறிந்த பந்துகளை அப்பெருவீரரால் சரிவரத் தொடவும் இயலவில்லை. மீண்டும் 2004இல், ஜென்னி ஃபின்ச் என்ற மங்கை எறிந்த பந்துகளுக்கு, ஆல்பர்ட் புஹோல்ஸ், மைக் பியாசா முதலிய பேஸ்பால் வீரர்கள் வீசி வீசித் தவறினர். இவர்களுக்கு வலிமையில் குறைவில்லை. கை விரைவிலும் குறைவில்லை. மேலிருந்து எறியப்படும் சிறு பந்தின் வரவைப் பல்லாயிரம் முறை கண்டு பழகிய அவர்தம் கண்கள், இடுப்பருகே புறப்படும் பெரும்பந்தின் வரவைக் கண்டு பழகியதில்லை. அவ்வளவே. பந்தின் வரவை முன்னரே உணரும் ஆற்றல் பழக்கத்தால் வருவது. ஓர் ஆட்டத்தில் பெற்றது மற்றோர் ஆட்டத்திற்கு அப்படியே உதவுவதில்லை. உலகப் புகழ் பெற்ற வீரர்க்கே இந்நிலை எனின், நேற்று மட்டையைத் தொட்ட சிறுமி பந்தைத் தவறவிடுவதில் நாணத்தக்கது யாதும் இல்லையன்றோ?

இனி, அவள் முன்னுள்ள பணி எத்துணைக் கடியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்குப் பந்தெறியும் தொலைவு அமெரிக்க நாட்டில் 40 அடி. வளர்ந்த மகளிர்க்கு அது 43 அடி. எறிபவள் காலை முன்வைத்தே பந்தை விடுவதால், சிறுமியர் ஆட்டத்தில் பந்து கடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 11 மீட்டர் எனக் கொள்ளலாம். பந்தின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் எனின், நொடிக்கு 20 மீட்டர் ஆகும். ஆகவே, கையை விட்ட பந்து தட்டை அடைய 0.55 நொடி, அதாவது அரை நொடிக்குச் சற்றே மிகுதியான காலம், பிடிக்கின்றது. மட்டை நகரத் தொடங்கிப் பந்தைச் சேர்வதற்கு 0.2 நொடி அளவு வேண்டும். கண் கண்டதைக் கை ஏற்றுச் செயற்படுவதற்கு ஏறக்குறைய மற்றோர் 0.2 நொடி செல்லும். எஞ்சுவது ஒரு நொடியில் ஏழில் ஒரு கூறு! இக்கூற்றுக்குள் பந்து உயர்ந்து வருகின்றதா, தாழ்ந்து வருகின்றதா, அடிக்கத் தக்கதா, விடத் தக்கதா என்பனவெல்லாம் முடிவாதல் வேண்டும்.

மற்றொரு கணக்கும் காணத்தக்கது. நொடிக்கு 20 மீட்டர் செல்லும் பந்து, நூற்றில் ஒரு நொடியில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வெண்தட்டின் அகலமோ 43 சென்டிமீட்டர்தான். ஆகவே நூற்றில் இரண்டு நொடி தாழ்த்தாலும், முந்தினாலும், பந்து இருக்க வேண்டிய இடம் தட்டின் அகலமளவுக்கு மாறிவிடுகின்றது. மட்டையின் பருமன் 5.7 சென்டிமீட்டருக்கு மிகாது. பந்தின் குறுக்களவு 9.7 சென்டிமீட்டர். இரண்டின் நடுக்கோடுகளும் 7.7 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் ஒன்றையொன்று தொடவே மாட்டா. விளிம்பில் படுவதன்றி நன்கு படவேண்டுமெனின் விலக்கம் இன்னும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும்.

இக்கணக்குகளிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே. பந்து படாமை பெரும்பாலும் காலத்தைப் பற்றிய குறை, பலத்தைப் பற்றியதன்று. காலத்தை மிகுவிக்க நம்மால் இயலாது. ஆயின் உள்ள காலத்தை வீணாக்காதிருக்கக் கற்பிக்கலாம். அதற்கு வழிகள் மூன்று: பந்தை முன்னதாகக் காணுதல், உடலை முன்னதாக ஆயத்தம் செய்தல், மட்டையைப் பந்தின் பாதையிலேயே செலுத்துதல். இவற்றை ஒவ்வொன்றாக விளக்குவோம்.

முதலாவது, பந்தைக் காணுதல். "பந்தைப் பார்" என்பது பழைய அறிவுரை. ஆனால் எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று கூறாவிடில் அவ்வறிவுரையால் பயனில்லை. 1984இல் டெர்ரி பாஹில், லாரிட்ஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பேஸ்பால் மட்டையாளரின் கண்ணசைவை அளந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். தொழில்முறை வீரரின் கண்ணும், தட்டுக்கு ஐந்தரை அடித் தொலைவு வரையிலேயே பந்தைத் தொடர முடிந்தது. அதன்பின் பந்து கண்ணை முந்திவிட்டது. அதாவது, மட்டையிற் படும்வரை பந்தைப் பார்த்துக்கொண்டே இருத்தல் மனிதக் கண்ணால் ஆகாத செயல். ஆதலின் சிறுமிக்கு நாம் கற்பிக்க வேண்டுவது பந்தின் முடிவைப் பார்ப்பதன்று. அதன் பிறப்பைப் பார்ப்பதாகும். எறிபவள் ஆயத்தமாகும்போது அவளுடைய முகத்தையோ மார்பையோ இயல்பாக நோக்கியிருக்கட்டும். கை சுழன்று கீழிறங்கும்போது பார்வை அவளது இடுப்பருகே, பந்து வெளிப்படும் இடத்திற்குச் செல்லட்டும். அங்கிருந்து பந்தைப் பற்றிக்கொண்டால் முதற் சில மீட்டரிலேயே அதன் போக்குப் புலப்பட்டுவிடும்.

இதனோடு தலை அசையாமையும் சேர்தல் வேண்டும். கண்கள் தலையில் உள்ளன. தலை அசைந்தால் காட்சியும் அசையும். பந்தைப் பலமாக அடிக்க விரும்பும் குழந்தைகள் வீசும்போதே முகத்தைத் திருப்பி, பந்து எங்கே சென்றது என்று காண முற்படுவர். பந்து எங்கும் செல்லவில்லை. பின்னே நிற்பவளின் கையுறையில் கிடக்கும்! வீச்சின் தொடக்கத்தில் மோவாய் முன்தோளை ஒட்டியும், முடிவில் பின்தோளை ஒட்டியும் இருக்குமாறு பழக்கினால், தோள்கள் சுழலும், தலை நிலைக்கும்.

இவ்விடத்தில் பெற்றோர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. பந்தைத் தொடர்ந்து தவறவிடும் குழந்தையை, எல்லாவற்றிற்கும் முன்னதாகக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நலம். தொலைவில் உள்ளதைத் தெளிவாகக் காண இயலாத குறையைக் குழந்தை தானே உணர்ந்து சொல்வதில்லை. உலகம் யாவர்க்கும் இப்படித்தான் மங்கித் தெரியும் என்று அது எண்ணிக்கொள்ளும். கரும்பலகையில் உள்ள எழுத்தைக் காணக் கண்ணைச் சுருக்கும் சிறுமிக்கு, 12 மீட்டருக்கு அப்பால் புறப்படும் பந்து எங்ஙனம் தெரியும்? கண்ணாடி அணிவித்தால் தீரும் குறைக்குக் கடுஞ்சொல் கேட்டு வருந்தும் குழந்தைகள் இருக்கலாகாது.

இரண்டாவது, உடலை ஆயத்தம் செய்தல். தாழ்த்து வீசும் சிறுமியைப் பார்த்து நாம் "விரைவாக வீசு" என்கின்றோம். அவளும் பற்களைக் கடித்துக்கொண்டு, தோள்களை இறுக்கி, முன்னிலும் வேகமாக வீசுகின்றாள். இறுகிய தசை மெல்லவே நகரும். ஆகவே முன்னிலும் தாழ்க்கின்றாள். அவளுக்கு வேண்டுவது வேகம் அன்று, முன்னதாகத் தொடங்குதலே. எறிபவளின் கை மேலே எழும்போது, மட்டையாளி தன் உடற்சுமையைப் பின்னங்காலில் சிறிது தாங்கிக்கொள்ள வேண்டும். கை கீழிறங்கிப் பந்து வெளிப்படும்போது, முன்னங்காலை நான்கு விரற்கடை அளவு மெல்ல எடுத்து வைக்க வேண்டும். பந்து பாதி வழி வருமுன் அக்கால் தரையில் ஊன்றியிருத்தல் அவசியம். மட்டை இன்னும் தோளருகேயே நிற்கும். கால் ஊன்றியபின்னரே இடுப்பு திரும்பும். இடுப்பைத் தொடர்ந்து தோளும், தோளைத் தொடர்ந்து கையும் வரும். முன்னடியை நீட்டி வைப்பவளுக்குத் தலை தாழ்ந்து, காட்சியும் மாறிவிடும் என்பதை மறத்தலாகாது.

மனத்தின் ஆயத்தமும் இதில் அடங்கும். பல குழந்தைகள் பந்து நல்லதா என்று முதலில் ஆராய்ந்து, நல்லதென்று கண்டபின் வீசத் தொடங்குவர். அதற்குள் காலம் கடந்துவிடும். ஒவ்வொரு பந்தையும் அடிக்கப் போவதாகவே எண்ணித் தொடங்க வேண்டும். தீய பந்து எனக் கண்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும். "அடிப்பேன், அடிப்பேன்" என்று மனத்துள் சொல்லிக்கொண்டு, தகாத பந்திற்கு மட்டும் "வேண்டாம்" என்று கையை நிறுத்தும் இம்முறையைப் பயிற்சியாளர்கள் பலர் கையாள்கின்றனர். வீச்சைத் தொடங்குவதைவிட நிறுத்துவது எளிது என்பதே இதன் அடிப்படை.

மூன்றாவது, மட்டை செல்லும் பாதை. நம் நாட்டுச் சிறுமியர் பலர் தெருவிலும் சந்திலும் அண்ணன் தம்பியரோடு கிரிக்கெட் ஆடிய பழக்கத்துடன் மென்பந்தாட்டத்திற்கு வருகின்றனர். கிரிக்கெட்டில் மட்டை நிமிர்ந்து நின்று, பந்து வரும் கோட்டிலேயே மேலும் கீழுமாகச் செல்லும். மென்பந்தாட்டத்திலோ மட்டை தோளருகே தொடங்கி, பந்தின் பாதைக்குக் குறுக்காகச் சுழல்கின்றது. ஆகவே பழைய பழக்கம் இங்கே முழுதும் உதவுவதில்லை. மேலும், "மேலிருந்து கீழே அடி" என்று சிலர் கற்பிக்கின்றனர். விறகு பிளப்பதுபோல் மேலிருந்து இறங்கும் மட்டை, பந்தின் பாதையை ஒரே ஒரு புள்ளியில் வெட்டிச் செல்லும். அப்புள்ளியில் அக்கணத்தில் பந்து இருந்தால் படும், இல்லையேல் இல்லை.

இடுப்பருகே விடப்பட்ட பந்து, புவியின் ஈர்ப்பால், தட்டை அணுகும்போது சற்றே கீழ்நோக்கி இறங்கிவருகின்றது. நாம் மேலே கூறிய வேகத்தில் அவ்விறக்கம் ஏழெட்டுப் பாகை அளவாகும். மட்டையும் அதே அளவு மெல்ல மேல்நோக்கிச் சென்றால், இரண்டும் ஒரே பாதையில் எதிரெதிராக வருவனவாகும். ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள், ஒன்று சிறிது முந்தினும் பிந்தினும், எங்கேனும் ஓரிடத்தில் சந்தித்தே தீரும். குறுக்கிடும் இரு தண்டவாளங்களில் வருவனவோ, இரண்டும் ஒரே கணத்தில் சந்தியை அடைந்தாலன்றிச் சந்திப்பதில்லை. மட்டையைப் பந்தின் பாதையில் செலுத்துவதால் கிடைக்கும் ஆதாயம் இதுவே. காலத்தில் நேரும் சிறுபிழையை அது பொறுத்துக்கொள்கின்றது.

இவற்றைக் கற்பிக்கு முன், அவளுடைய மட்டையை ஆராய்தல் வேண்டும். "வளரும் பிள்ளைதானே, அடுத்த ஆண்டும் உதவட்டும்" என்று பெரிய மட்டையை வாங்கித் தரும் வழக்கம் உண்டு. செருப்பைப் பெரிதாக வாங்கினால் நடை கெடும். மட்டையைப் பெரிதாக வாங்கினால் வீச்சுக் கெடும். ஒரு கையால் மட்டையின் பிடியைப் பற்றித் தோளுயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, பதினைந்து அல்லது இருபது நொடி அசையாது நிறுத்தச் சொல்லுங்கள். கை நடுங்கித் தாழ்ந்தால் அம்மட்டை அவளுக்குக் கனமானது. பள்ளியில் வேறு மட்டை இல்லையெனின், பிடியில் இரண்டு மூன்று விரற்கடை மேலே தள்ளிப் பிடிக்கச் செய்யலாம். பிடியும் இறுக்கமாக இருத்தலாகாது. உள்ளங்கையிற் புதைக்காமல் விரல்களால் பற்றுதல் வேண்டும். கதவைத் தட்டப் பயன்படும் விரற்கணுக்கள், இரு கைகளிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் அமைய வேண்டும்.

அடுத்து, குறையை அறிதல். நோயை அறியாமல் மருந்து கொடுப்பது மருத்துவம் ஆகாது. "தவறிவிட்டாள்" என்று மட்டும் குறிக்காமல், எப்படித் தவறினாள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வலைக்குப் பின்னே பாதுகாப்பாக நின்று, ஒரு குறிப்பேட்டில் நான்கு சொற்களை மட்டும் எழுதி வந்தால் போதும்: முந்தியது, பிந்தியது, மேலே சென்றது, கீழே சென்றது. இருபது பந்துகளுக்குள் உண்மை விளங்கிவிடும். பந்து சிறிதேனும் மட்டையிற் பட்டால், அது செல்லும் திசையே நமக்குச் செய்தி சொல்லும். வலக்கை மட்டையாளி அடித்த பந்து இடப்புறம் எல்லைக்கோட்டுக்கு வெளியே சென்றால் அவள் முந்திவிட்டாள். வலப்புறம் வெளியே சென்றால் பிந்திவிட்டாள். நேரே பின்புறம் சென்றால் காலம் சரியே; மட்டை மட்டும் சிறிது தாழ்ந்துவிட்டது. இதனைக் கண்டு வருந்தற்க. நல்ல அடி அண்மையில் உள்ளது என்பதற்கு அதுவே அறிகுறி. பந்து வானில் எழும்பினால் மட்டை அதன் கீழ்ப்பாதியைத் தொட்டது; தரையில் உருண்டால் மேற்பாதியைத் தொட்டது. இவற்றை அவளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தன் குறையைத் தானே படிக்கக் கற்ற குழந்தைக்கு ஒவ்வொரு தவறும் ஒரு பாடமாகிவிடும்.

இனிப் பயிற்சியின் வரிசையைக் கூறுவோம். முதற்படியில் பந்து அசையாதிருத்தல் வேண்டும். இடுப்பளவு உயரமுள்ள தாங்கியின்மேல் பந்தை வைத்து அடிப்பது இம்முறை. விலைகொடுத்து வாங்க இயலாத பள்ளிகளில், மண் நிரப்பிய வாளியில் மூங்கிற்கழி ஒன்றை நட்டு, அதன் தலையில் ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் தாங்கி ஆயிற்று. எதிரே பழைய கோணியைத் தொங்கவிட்டால் பந்து ஓடாது. நடுப்பந்திற்கு, முன்னங்காலுக்கு நேராகத் தாங்கியை நிறுத்துக. உடலை ஒட்டி வரும் பந்தைச் சற்று முன்னேயும், விலகி வரும் பந்தைச் சற்றுப் பின்னேயும் சந்திக்க வேண்டும் என்பதைத் தாங்கியை நகர்த்திக் காட்டலாம். அசையாப் பந்தை அடிப்பது எளிதென்று இகழற்க. மட்டையின் பாதை சீர்படுவது இங்கேதான்.

இரண்டாம் படியில், ஐந்தாறு மீட்டர் தொலைவில், வலை மறைவில் அமர்ந்தபடி, எதிரிலிருந்து கீழ்க்கையாகப் பந்தை மெல்ல இடவேண்டும். பக்கத்திலிருந்து இடுவதைவிட எதிரிலிருந்து இடுவது சிறப்பு. போட்டியில் பந்து வரும் திசை அதுவன்றோ? சில பந்துகளில் சிவப்புப் புள்ளியும் சிலவற்றில் நீலப் புள்ளியும் இட்டு, அடிக்குமுன் நிறத்தை உரக்கக் கூறச் செய்யலாம். நிறத்தைச் சொல்ல வேண்டுமாயின் பந்தைப் பார்த்தே ஆகவேண்டும். "பார், பார்" என்று நாம் நூறு முறை கூவுவதைக் காட்டிலும் இவ்விளையாட்டு மிகுந்த பயன் தரும்.

மூன்றாம் படி, மட்டையை வீசாது நிற்றல். அணியில் பந்தெறிபவள் பயிற்சி செய்யும்போது, தலைக்கவசம் அணிந்து மட்டையாளி அவளெதிரே நிற்கட்டும், காலை எடுத்து வைக்கட்டும், ஆனால் வீசாதிருக்கட்டும். பந்து பாதி வழியைக் கடக்கும்போதே "மேல்", "கீழ்", "உள்", "வெளி" என்று சொல்லட்டும். பின்னே பிடிப்பவள் அது சரியா என்று கூறட்டும். அடிக்க வேண்டும் என்ற கவலை நீங்கிய நிலையில் கண் மட்டும் கற்றுக்கொள்ளும். டெட் வில்லியம்ஸ்க்கு அன்று இல்லாதிருந்த பழக்கத்தைச் சிறுமி பெறுவது இவ்வாறே.

நான்காம் படி, மட்டையை வீசாமல் குறுக்கே பிடித்துப் பந்தை மெல்லத் தொட்டு விழச் செய்தல். இதனைப் பன்ட் என்பர். மேற்கையின் விரல்கள் மட்டைக்குப் பின்னே மறைந்திருத்தல் வேண்டும். இன்றேல் விரல் நசுங்கும். பல நாள் பந்தைத் தொடாத குழந்தைக்கு, மட்டையில் பந்து படும் ஒலியைத் தன் காதால் கேட்பதே பெரிய ஊக்கமாகும். இவை நான்கும் கைவந்தபின் எறிபவளின் பந்தை முழு வீச்சுடன் எதிர்கொள்ளச் செய்க.

பயிற்சியின் அளவையும் வரையறுத்தல் வேண்டும். பத்துப் பந்து அடித்து, சிறிது இளைப்பாறி, மீண்டும் பத்து என்று ஐந்து முறை செய்தால் ஒரு நாளைக்குப் போதும். களைத்த கை தவறான வீச்சையே பழகிக்கொள்ளும். ஒரு நாளில் ஒரு குறையை மட்டுமே திருத்துக. முழங்கை, முழங்கால், தலை, இடுப்பு எல்லாவற்றையும் ஒருசேர நினைக்கச் சொன்னால், அந்த ஏழில் ஒரு கூறு நொடியில் அவள் பந்தை நினைப்பது எப்போது? போட்டி நடக்கும்போது திருத்தவே வேண்டா. அப்போது ஒரு சொல் போதும். அதுவும் அவளே தேர்ந்துகொண்ட சொல்லாயின் நலம்.

பாதுகாப்பைப் பற்றியும் சில சொற்கள். மென்பந்து என்ற பெயரைக் கண்டு ஏமாறலாகாது, அப்பந்து கடினமானது, எடை 180 கிராம் வரையிலும் அதற்கு மேலும் இருக்கும். முகக்கம்பி பொருத்திய தலைக்கவசம் அணியாமல் எறியும் பந்தின் எதிரே நிற்கவிடலாகாது. மட்டை சுழலும் வட்டத்துள் வேறு குழந்தைகள் வாராதபடி கோடு கிழித்துக் காத்தல் ஆசிரியரின் கடமை. பந்துக்கு அஞ்சிப் பின்வாங்கும் குழந்தையை ஏளனம் செய்யற்க. ரப்பர்ப் பந்தையோ துணிப்பந்தையோ இட்டு, உடலில் பட்டாலும் நோவாது என்பதை உணர்த்திய பின்னர் உண்மைப் பந்துக்கு மாற்றினால் அச்சம் தானே அகலும். அஞ்சிய கண் பந்தை நோக்காது. நோக்காத கண்ணுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

இறுதியாக, நாம் எதனைப் பாராட்டுகின்றோம் என்பதைப் பொறுத்தே குழந்தை எதனை நாடும் என்பது அமையும். பத்து முறைக்கு மூன்று வெற்றியடி அடிப்பவர் இவ்வாட்டத்தில் சிறந்த மட்டையாளராக மதிக்கப்பெறுகின்றார். ஏழு முறை தவறுவதை ஆட்டமே இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கும்போது, ஒரு தவறுக்கு நாம் முகஞ்சுளிப்பது பொருந்துமா? தகாத பந்தை விட்டுவிட்டாளா, "நன்று" எனச் சொல்லுங்கள். காலை உரிய காலத்தில் ஊன்றினாளா, பந்து படாவிடினும் அதனைச் சுட்டிக்காட்டுங்கள். நேரே பின்புறம் சென்ற பந்தைக் கண்டு, "காலம் சரியாக இருந்தது அம்மா, மட்டையை ஓர் அங்குலம் உயர்த்தினால் போதும்" என்று கூறுங்கள். அவள் அடுத்த பந்துக்கு மகிழ்ச்சியோடு நிற்பாள்.

சில வாரங்களில் பந்து மட்டையிற் படத் தொடங்கும். எல்லாச் சிறுமியரும் ஒலிம்பிக் விழாவுக்குச் செல்லப் போவதில்லை. ஆயினும், இயலாது என்று எண்ணிய ஒன்றைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றாய்க் கற்று இயலச் செய்தோம் என்ற அனுபவம் அவளுக்குக் கணக்குப் பாடத்திலும் உதவும். பின்னாளில் ஏற்கும் தொழிலிலும் உதவும். மாலை வேளையில் ஒரு வாளி, ஒரு மூங்கிற்கழி, இரண்டொரு பந்துகள், பொறுமையுள்ள பெரியவர் ஒருவர்: இவ்வளவே தேவை. இவற்றை நம் பெண்மக்களுக்குக் கிடைக்கச் செய்வது பெற்றோராலும் ஆசிரியராலும் ஆகக்கூடிய செயலே.